அழுது கெடுத்த கண்

எனக்கு வலது கண்ணில் இமை மடிப்பு இருந்தது, இடது கண்ணில் இல்லை. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். சொல்லும்போது சின்ன விஷயம். ஆனால் ஒரு கண் அகலத் திறந்து, மற்றதன் இமை மயிருக்கு மேல் தொய்ந்து கிடந்தால், என்னோடு கதைக்கிறவர்கள் எந்தக் கண்ணைப் பார்ப்பது என்று தெரியாமல் மூக்கைப் பார்த்துக் கதைப்பார்கள். ஊரில் ஒரு ரீச்சர் நான் வகுப்பில் நித்திரை கொள்கிறேன் என்று அடித்திருக்கிறார். பிறகு சண்டை, இடம்பெயர்வு என்று பள்ளிக்கூடமே இல்லாமல் போனது. கனடாவுக்கு வந்தபோது என்னை எந்த வகுப்பில் இருத்துவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கொஞ்ச நாள் போனேன், நின்றுவிட்டேன்.

அக்காதான் என்னைத் தன்னோடு வேலைக்கு வைத்துக்கொண்டாள். அவள் கலியாணம் கட்டி முதலில் ரொறன்ரோவுக்கு வந்தவள். பிறகு அம்மாவையும் என்னையும் கூப்பிட்டாள். ஸ்காபரோவில் அத்தானின் வீட்டு நிலக்கீழ் அறையில் மணப்பெண்களுக்கு மேக்கப் போடுவாள். பெரிய கலியாணம் என்றால் மண்டபத்துக்கே போவோம். நான் பைகளைத் தூக்குவேன், சீலைக்கு மடிப்புப் பிடிப்பேன், தூரிகைகளைக் கழுவுவேன்.

அக்கா வேலை செய்வதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். வந்த உடனே தூரிகையைத் தொடமாட்டாள். பெண்ணைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்து, மாப்பிள்ளையை எங்கே கண்டாய், முதலில் யார் கதைத்தது என்று கதை கேட்பாள். அந்தப் பெண் சிரிக்கும்போது வாயின் எந்தப் பக்கம் முதலில் சிரிக்கிறது, வெட்கப்பட்டால் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். கதை முடியும்போது அவளுக்கு முகம் பாடமாகியிருக்கும். பிறகு கை நிற்காது.

ஒருமுறை பெண்ணின் தாய் பக்கத்தில் நின்று, "தங்கச்சி, கொஞ்சம் வெள்ளையா வரப் பாருங்கோ" என்று கேட்டார். மூன்றாம் தரமும் கேட்டார்.

"அன்ரி, தாலி கட்ட வாறவர் ஆள் மாறிப்போச்செண்டு திரும்பிப் போனா நான் பொறுப்பில்லை" என்றாள் அக்கா.

அந்தத் தாய் சிரித்த சிரிப்பில் பெண்ணுக்கும் பயம் போய்விட்டது. யாருக்கும் நோகாமல் மறுக்க அவளுக்குத் தெரியும். எனக்கு இன்றுவரை வராத வித்தை அது.

கொண்டாட்டங்களுக்குப் போகும்போது என் இடது கண்ணுக்கும் அக்காதான் மடிப்பு வைப்பாள். மெல்லிய பிளாஸ்ரரை நகம் வெட்டும் கத்தரிக்கோலால் பிறை மாதிரி வெட்டி இமையில் ஒட்டுவாள். ஒட்டும்போது நாக்கு நுனி வெளியே வந்துவிடும். "ஆடாமல் நில்லடி, எனக்குக் கிடைச்ச ஒரே ஓசி மாடல் நீதான்" என்பாள். இரண்டு கண்ணும் ஒரே அளவில் கண்ணாடியில் நிற்கும். வேர்த்துக் கழன்று விழும்வரை நான் வேறு ஆள்.

கடைசியில் சத்திரசிகிச்சை செய்வோம் என்று நான்தான் முடிவெடுத்தேன். அக்கா கோபிப்பாள் என்று நினைத்தேன். முகம் அவளுடைய தொழில் அல்லவா.

"வடிவுக்கோ கேக்கிறாய்?" என்று கேட்டாள்.

"இல்லை அக்கா. கண்ணாடியைப் பாக்கேக்க முதல் அந்தக் கண்ணைப் பாக்காமல் இருக்க வேணும். அவ்வளவுதான்."

"அப்ப செய். நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றாள்.

நகரத்தின் வடக்குப் பக்கம் ஒரு கிளினிக். சீனப் பெண்களும் கொரியப் பெண்களும் இரட்டை இமை மடிப்புப் போட அங்கே போவார்கள். அவர்களுக்கு இரண்டு கண்ணிலும் போடுவார்கள். எனக்கு ஒன்றில் மட்டும் போட்டால் போதும். டொக்டர் அவசரக்காரர். வந்தார், பார்த்தார், கோடு கீறினார், வெட்டித் தைத்தார். முடிந்து வெளியே வந்தபோது அக்கா காரைச் சூடாக்கி வைத்திருந்தாள். கண்ணில் ஒற்றுவதற்குக் கைலேஞ்சியில் உறைந்த பட்டாணி சுற்றி வைத்திருந்தாள். வீட்டில் அம்மா பத்தியக்கறியோடு நின்றார். இறால் கூடாது, கத்தரிக்காய் கூடாது, எல்லாம் கிரந்தி, புண் ஆறாது என்றார்.

"தைச்சது டொக்டர் அம்மா. கத்தரிக்காய் வந்து பிரிக்கப்போகுதே?" என்றாள் அக்கா. ஆனால் அம்மா பார்க்காத நேரத்தில் தன் தட்டிலிருந்த கத்தரிக்காயையும் ஒதுக்கி வைத்துவிட்டாள். நான் சாப்பிடாததைத் தானும் சாப்பிடாமல் இருந்தாள்.

தையல் வெட்டுவதற்கு முதலே அக்கா செத்துப்போனாள்.

பக்கத்து நகரமான மார்க்கத்தில் ஒரு கலியாணம். நான் போகவில்லை, கண் வீங்கியிருந்தது. அக்கா தனியே போய் பெண்ணை அலங்கரித்து வெளிக்கிடுத்தி முடித்து, பைகளைக் காரில் வைக்கும்போது விழுந்திருக்கிறாள். மூளைக்குள் இரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். முப்பத்தைந்து வயதும் ஆகவில்லை. அந்தப் பெண்ணின் படத்தைப் பிறகு பார்த்தேன். இரண்டு கண்ணும் அவ்வளவு துப்புரவாக இருந்தன. அக்காவுக்கு அப்போதே தலையிடி தொடங்கியிருக்கும். அதோடு செய்த வேலை அது.

எங்கள் ஆட்களின் செத்தவீட்டில் ஒரு முறை இருக்கிறது. உடலைப் பார்வைக்கு வைக்கும் மண்டபத்தில் வீட்டுப் பெண்கள் பெட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக இருப்பார்கள். வருகிற பெண் ஒவ்வொருத்தியும் குனிந்து, கட்டிப்பிடித்து, கன்னத்தோடு கன்னம் வைத்து அழுவாள். அழுது முடிந்து அடுத்த ஆளிடம் போவாள். அப்படி அழாவிட்டால் வந்ததாகவே கணக்கில்லை. நான் அம்மாவுக்குப் பக்கத்தில் இடது கண்ணில் தையலோடு இருந்தேன். அழக்கூடாது, குனியக்கூடாது, கண்ணில் ஒன்றும் படக்கூடாது என்று கிளினிக்கில் சொல்லி விட்டிருந்தார்கள். யாரால் முடியும்?

எல்லாரையும்விடச் சத்தமாக அழுதது சின்னம்மா. அம்மாவின் தங்கச்சி. பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் பெட்டி கட்டுகிற வேலை. கை இரும்பு மாதிரி. "கண்ணை மூடிக்கொண்டு அழடி, தையல் கவனம்" என்று சொல்லிக்கொண்டே என்னை இழுத்து அணைத்தார். அவரது தோளில் சீலைக்குக் குத்தியிருந்த சேப்டி பின் என் இமையில் அழுந்தியது. நான் விலகவில்லை. விலக விருப்பமும் இல்லை.

வீக்கம் வற்றியபோது மடிப்பு மேலே போயிருந்தது. இமை மயிருக்கும் மடிப்புக்கும் நடுவில் வெறும் வெளி. அந்தக் கண் எப்போதும் திடுக்கிட்ட மாதிரி நின்றது. அதைவிட, நித்திரையில் அது முழுதாக மூடவில்லை. காலையில் மணல் போட்ட மாதிரி அரித்தது, சிவந்தது. திரும்பவும் கிளினிக்குக்குப் போனேன். நீ அழுதிருக்கிறாய், கண்ணைக் கசக்கியிருக்கிறாய், அதுதான் காரணம் என்று அந்த டொக்டர் சொன்னார். அழுதது உண்மைதானே.

வீட்டில் எல்லாரும் அதை நம்பினார்கள். நானும் நம்பினேன். அன்றோடு ஒரு விஷயம் நின்றது. யாரும் என்னைக் கட்டிப்பிடித்து அழவில்லை. முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த பெண்கள் அம்மாவைக் கட்டி அழுதுவிட்டு, எனக்குத் தலையை மட்டும் தடவிவிட்டுப் போனார்கள். பிறகு வீட்டுக்கு வந்தவர்களும் அப்படித்தான். "அவளை அழவிடாதேங்கோ, கண் போயிடும்" என்று சின்னம்மா வாசலிலேயே நின்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா தனக்கு அழுகை வந்தால் எழுந்து மற்ற அறைக்குப் போய்விடுவார். நான் பின்னால் போனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டனியே என்று கேட்பார். ஒரே வீட்டில் அவர் ஒரு பக்கம் அழுதார், நான் ஒரு பக்கம் அழுதேன்.

அக்காவின் வேலையை நான் தொடர்ந்து செய்தேன். பெண்கள் வந்தார்கள். கண்ணாடியில் என் இடது கண்ணை ஒருமுறை பார்ப்பார்கள், பிறகு பார்க்காத மாதிரி இருப்பார்கள். கண் பரிசோதிக்கிறவர் சொன்னார், இப்படியே காய்ந்துகொண்டிருந்தால் கருவிழியில் தழும்பு விழும், பார்வை மங்கும், திருத்துகிற சத்திரசிகிச்சைக்கு நல்ல ஆளைப் பார் என்று. அத்தானும் சொன்னார், அம்மாவும் சொன்னார். நான் பார்ப்போம், பார்ப்போம் என்று கடத்தினேன்.

ஏன் கடத்தினேன் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. எனக்கு அந்த மடிப்பு அக்காவுக்காக அழுததில் வந்தது. அவள் என் இமையில் கடைசியாக வைத்துவிட்டுப் போன மாதிரி. படங்கள் இருக்கின்றன, அவளுடைய தூரிகைகள் இருக்கின்றன. ஆனால் என் உடம்பில் இருப்பது அது ஒன்றுதான். அதை வெட்டி எடுக்க நானே போய்க் கையெழுத்து வைப்பதா? பார்வை மங்கினால் மங்கட்டும் என்றுகூட யோசித்திருக்கிறேன். பைத்தியக்கார யோசனைதான். ஆனால் யோசித்தேன்.

ஒருநாள் ஒரு பெண்ணுக்குக் கண்மை கீறும்போது என் கண்ணில் நீர் நிரம்பிக் கோடு எனக்கு இரண்டாகத் தெரிந்தது. கை நடுங்கவில்லை, கண்தான் ஏமாற்றியது. அன்று பயந்துவிட்டேன். ஆண்டுத்திவசத்துக்கு இன்னும் சில கிழமைகள் இருந்தன. அத்தான் விசாரித்து, யூனியன்வில் பக்கம் ஒரு டொக்டரிடம் நாள் எடுத்துத் தந்தார். பிழையாகப் போன இமைகளைத் திருத்துவதுதான் அவருடைய வேலையாம். சின்னம்மா பிறம்ரனிலிருந்து நெடுஞ்சாலை முழுக்க ஓட்டிக்கொண்டு வந்து, "நானும் வாறன்" என்றார். ஏன் என்று கேட்டேன். "வாறன் எண்டால் வாறன்" என்றார்.

அந்த டொக்டர் ஒரு கொரியப் பெண், அம்மாவின் வயதிருக்கும், காலில் ஓட்டத்துக்குப் போடுகிற சப்பாத்து. அவரைப் பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு முறையும் தொடுவதற்கு முதல், தொடலாமா என்று கேட்டார். நித்திரை கொள்கிற மாதிரி மூடச் சொன்னார். கீழே பார்க்கச் சொன்னார். சின்ன உருக்கு அளவுகோலை இமைக்குப் பக்கத்தில் பிடித்தார். பஞ்சுக் குச்சியால் மடிப்பை மெல்ல நகர்த்திப் பார்த்தார், அது நகரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா பார்க்கிற மாதிரிப் பார்வை. ஒரு முகத்துக்கு அவ்வளவு நேரம் கொடுக்கிறவர்கள் குறைவு.

அப்போதுதான் மூலைக் கதிரையிலிருந்து சின்னம்மா எழும்பினார்.

"டொக்டர், ஐ டிட் இட்" என்றார். "ஃபியூனரல். ஐ ஹக் ஹேர். மை சாறி பின்." தோளைத் தொட்டுக் காட்டினார். "ஐ ஆம் சாரி, டொக்டர்."

நான் திகைத்துவிட்டேன். ஒரு வருடமாக இதை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறார். டொக்டர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன், அக்கா செத்துவிட்டாள், எங்கள் முறை இப்படி, பெண்கள் கட்டிப்பிடித்து அழுவோம், அப்போது தையல் இருந்தது என்று.

டொக்டர் அளவுகோலைக் கீழே வைத்தார். தன் கதிரையைச் சின்னம்மா பக்கம் திருப்பி, என்னிடம் அல்ல, அவரிடம் சொன்னார். ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக. உங்கள் பின் இதைச் செய்யவில்லை. அழுதாலும் இப்படி வராது. அழுதால் வீங்கும், பிறகு வற்றும். கோடு இடம் மாறாது. கத்தி எங்கே வெட்டியதோ அங்கேதான் இந்தக் கோடு நிற்கிறது. முதலிலேயே உயரத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஒரு தாளில் கண் வரைந்து, கோடு இருக்கவேண்டிய இடத்தையும் இப்போது இருக்கிற இடத்தையும் காட்டினார்.

சின்னம்மா தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "என்ர பின் இல்லையாமோ?"

"இல்லையாம் சின்னம்மா."

"வடிவாக் கேள். எனக்காகச் சொல்லுறாவோ தெரியாது."

கேட்டேன். உண்மைதான் என்று டொக்டர் தலையை ஆட்டிச் சிரித்தார். சின்னம்மா திரும்பக் கதிரையில் போய் இருந்து சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. தாளில் இருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன யோசிக்கிறாய் என்று டொக்டர் கேட்டார். இது என் அக்காவிடமிருந்து வந்தது என்று நினைத்திருந்தேன் என்றேன். சொன்ன பிறகு வெட்கமாகப் போய்விட்டது.

அவர் என் கையைத் தட்டவில்லை, உன் அக்கா மேலே இருந்து பார்க்கிறாள் என்றெல்லாம் சொல்லவில்லை. "அதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. இமையைப் பற்றித்தான் தெரியும்" என்றார். அந்தப் பதிலை நான் எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். எங்கள் செத்தவீட்டுக்கு வந்த படித்த ஆட்கள் எல்லாரும் எல்லாம் தெரிந்த மாதிரிக் கதைத்தார்கள். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னது இவர் ஒருவர்தான்.

பிறகு இமையைப் பற்றிச் சொன்னார். மறைக்காமல் சொன்னார். தாழ்வான மடிப்பை உயர்த்துவது சுலபம், உயர்ந்ததைத் தாழ்த்துவது கஷ்டம். உள்ளே தழும்பு ஒட்டிப் பிடித்திருக்கிறது, அதனால்தான் மூடவில்லை. அதை விடுவித்து, திரும்ப ஒட்டாமல் நடுவில் கொஞ்சம் கொழுப்பை வைத்து, கீழே புதுக்கோடு போட வேண்டும். நல்லகாலம், தோல் போதுமான அளவு இருக்கிறது. நீ விழித்திருப்பாய், நடுவில் திற, மூடு என்று கேட்பேன். கண் மூடும், அதை நம்புகிறேன். இரண்டும் ஒரே மாதிரி வரும் என்று சத்தியம் செய்யமாட்டேன். இன்றைக்கு முடிவு சொல்லாதே, வீட்டுக்குப் போய் யோசி என்று அனுப்பிவிட்டார்.

காரில் சின்னம்மா வழியெல்லாம் கதைத்தார்.

"அந்தச் சீலையை அதுக்குப் பிறகு நான் கட்டேல்லையடி. அலுமாரியைத் திறந்தா அதுதான் முதல்ல கண்ணில படும்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"என்னெண்டு சொல்லுறது? உன்ர கண்ணைக் குத்தினது நான்தான் எண்டு உனக்கே வந்து சொல்லவோ?" சிக்னலில் நின்றபோது மூக்கைச் சீறினார். "உந்த முதல் டொக்டரை நான் ஒருக்காக் காண வேணும். அந்தச் சீலைப் பின்னோடதான் போவன்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது.

வீட்டில் அம்மா குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சின்னம்மா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னார். தாளையும் விரித்துக் காட்டினார்.

"அப்ப அழுததாலை இல்லையாமோ?" அம்மா கேட்டார்.

"இல்லையாம்."

"இனி அழுதாலும் ஒண்டும் செய்யாதாமோ?"

"ஒண்டும் செய்யாதாம். நான் ரெண்டு தரம் கேட்டனான்."

அம்மா கையை உடுப்பில் துடைத்தார். எனக்கு முன்னால் வந்து நின்று என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். கீரை மணத்தது. "என்ர பிள்ளை எங்கையடி போயிட்டாள்" என்று தொடங்கினார். கன்னத்தோடு கன்னம் வைத்தார். நான் அவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டேன். சின்னம்மா இருவரையும் சேர்த்துப் பிடித்தார். அக்கா செய்தது, சொன்னது, கத்தரிக்காயை ஒதுக்கியது எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி அழுதோம். அத்தான் வேலையால் வந்து வாசலில் நின்றார். சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே படியில் குந்தியிருந்து அவரும் அழுதார். அவர் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த நாள் காலையில் இரண்டு கண்ணும் வீங்கியிருந்தன. பின்னேரம் வீக்கம் வற்றியது. கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். இடது மடிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. டொக்டர் சொன்னதுதான் சரி. இவ்வளவு அழுகையும் அதை ஒரு மயிரளவும் அசைக்கவில்லை. என் அக்காவைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு கோடு அது. அவசரத்தில் இருந்த ஒருவர் கீறிவிட்டுப் போனது. அதைக் காப்பாற்றுவதற்கு என் கண்ணைக் கொடுக்க வேண்டிய தேவை இல்லை.

அந்த டொக்டரின் கிளினிக்குக்குப் போன் அடித்து, செய்கிறேன் என்றேன். அங்கே இருந்த பெண் இரண்டு நாள் சொன்னாள். ஒன்று அடுத்த கிழமை, யாரோ வராமல் விட்ட இடம். மற்றது திவசம் முடிந்து வருகிற செவ்வாய்க்கிழமை. பிந்தினதை எடுத்தேன்.

"முந்தினதை எடுத்தால் கெதியாக முடிந்துவிடுமே" என்றாள்.

"தெரியும்" என்றேன். "அதுக்கு முதல் எங்கள் வீட்டுக்கு என்னோடு அழ நிறையப் பெண்கள் வருவார்கள்."